கல்லா, மண்ணா? வீட்டுக்கு வெட்டிய மேட்டில் தெரியும் மக்கிய பாறை

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் தோட்டமொன்றில் எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டுவதற்காக, பெப்ரவரி மாதத்தில் மேட்டுப் பக்கத்தைப் பெக்கோவால் வெட்டினோம். மேலே ஓரடிக் கறுப்பு மண், அதன் கீழ் ஆளுயரத்துக்குச் செம்மண், அதற்கும் கீழே வெள்ளையும் மஞ்சளும் துருநிறமுமாகக் கோடு கோடாக ஒரு படை இருக்கிறது. பார்வைக்குக் கல், அலவாங்கால் குத்தினால் உதிர்கிறது, கையால் கசக்கினால் தூளாகிறது. இடையிடையே உருண்டையான கருங்கற்களும் புதைந்து கிடக்கின்றன. மேசன் இது கல்தான் என்றும், இதன் மேலேயே அத்திவாரம் போடலாம், பின்பக்கத்துக்குத் தடுப்புச் சுவர் வேண்டாம் என்றும் சொல்கிறார். அப்பாவோ இது வெறும் மண் என்கிறார். யார் சொல்வது சரி? வெட்டி எடுத்ததை மரக்கறிப் பாத்திக்குப் பரப்பலாமா? அந்த உருண்டைக் கற்களை அத்திவாரத்துக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: இருவரும் பாதி சரியாகவே சொல்கிறார்கள், ஆனால் வீடு கட்டும் காரியத்தில் உங்கள் அப்பாவின் பாதியைத்தான் நம்ப வேண்டும். நீங்கள் காண்பது, பாறை இருந்த இடத்திலேயே, அசையாமல், உள்ளுக்குள் மக்கிப்போனதன் எச்சம். புவியியலாளர் இதைச் சப்ரோலைட் என்பர். 1895ஆம் ஆண்டில் அமெரிக்கப் புவியியலாளர் ஜோர்ஜ் பெக்கர், அழுகியது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு இப்பெயரை வைத்தார். தமிழில் மக்கிய பாறை என்றாலே போதும், பொருள் பிசகாது.

மலைநாட்டின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ், சார்னகைட், குவார்ட்சைட் போன்ற உருமாறிய பாறைகளால் ஆனது. இவற்றுள் சார்னகைட்டுக்குத் தமிழ்நாட்டோடு உறவுண்டு: சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் பாறையும் இதுவே, கல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பனி அதிகாரி ஜோப் சார்னக்கின் கல்லறைக்கு இடப்பட்ட கல்லை வைத்தே இப்பெயர் வந்தது. இப்பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்துக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் இன்றைய உருவைப் பெற்றன. நீர் மிக அருகிய அந்த ஆழத்தில் நிலைகொண்ட கனிமங்கள், மேலிருந்த பாறை அரிக்கப்பட்டு மேற்பரப்பை நெருங்கியபோது, முன்பு அறியாத இரண்டு பொருள்களைச் சந்தித்தன: மழைநீரும் உயிர்வளியும்.

மழைநீர் வானத்திலிருந்து விழும்போதே சிறிதளவு கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. எனினும் அதன் உண்மையான கூர்மை மண்ணுக்குள் இறங்கிய பிறகே ஏற்படுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் மண்ணிடுக்குகளில் அவ்வாயுவின் அளவு வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பல மடங்காகிறது. இந்த மென்மையான அமிலநீர் பாறையின் வெடிப்புகள் வழியே கீழே கசிந்து, பெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனிமத்தைக் கரைத்து, அதிலிருந்த சோடியம், கல்சியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் ஓடைக்கு எடுத்துச் சென்றுவிடுகிறது. எஞ்சுவது கயோலின் என்ற வெள்ளைக் களி. நீரோட்டம் மிகுந்த இடங்களில் இன்னும் சிலிக்கா இழந்து கிப்சைட் என்ற அலுமினியக் கனிமமாகவும் மாறுகிறது. உங்கள் மேட்டில் தெரியும் வெள்ளைக் கோடுகள் முன்பு பெல்ட்ஸ்பார் செறிந்திருந்த அடுக்குகள். துருநிறக் கோடுகளோ இரும்பு மிகுந்த பைரொக்சீன், கார்னெட், கரிய காக்காய்ப்பொன் ஆகியவை இருந்த இடங்கள். அவற்றின் இரும்பு உயிர்வளியோடு சேர்ந்து, தகரக் கூரை துருப்பிடிப்பதைப் போலவே துருவாகிவிட்டது. கையில் நறநறவென்று உறுத்தும் மணல் குவார்ட்ஸ். அது மட்டும் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது.

இங்கே உயிர்வளியின் வேலையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாறையை முதலில் பிளப்பது பெரும்பாலும் அதுதான். கனிமத்துக்குள் இருக்கும் இரும்பு ஒட்சியேற்றமடையும்போது சில கனிமங்கள் சிறிதளவு பருக்கின்றன. அந்த நெருக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் பிறக்கின்றன. கீறல் வழியே நீர் மேலும் உள்ளே போகிறது. கற்பாளத்தின் மூலைகளுக்கு இரண்டு மூன்று பக்கங்களிலிருந்தும் நீர் வருவதால் அவை முதலில் கரைந்து, நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சுகிறது. வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரியும் பழுப்பு ஓடும், அதற்குள் கருநீலக் கல்லுமாக நீங்கள் கண்ட உருண்டைகள் இப்படி உருவானவை. யாரும் உருட்டிக் கொண்டுவந்து போட்டவை அல்ல.

மேசன் ஏமாந்ததற்குக் காரணம் இன்னொன்று. பாறை மக்கும்போது எடையை இழக்கிறதே தவிரப் பருமனை இழப்பதில்லை. ஒரு கன மீட்டர் புதிய நைஸ் பாறை 2.7 டன் அளவில் இருக்கும். நன்கு மக்கிய பிறகு அதே கன மீட்டர், உலர்ந்த நிலையில், ஏறத்தாழ ஒன்றரை டன்னே நிற்கும். மீதி வெறும் துளைகள். கட்டமைப்பு குலையாததால் பழைய கோடுகளும் வெடிப்புகளும் அப்படியே தெரிகின்றன. முகம் பாறையின் முகம், பலம் மண்ணின் பலம். அதற்கு மேலே உள்ள செம்மண்ணில் கோடுகள் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். வேர்களும் மண்புழுக்களும் கறையான்களும் சரிவின் மெல்லிய நகர்வும் சேர்ந்து அந்தப் பகுதியைக் கலக்கிவிட்டன. கோடு மறையும் எல்லைதான் மக்கிய பாறை முடிந்து மண் தொடங்கும் இடம்.

இப்போது வீட்டுக்கு வருவோம். பெப்ரவரி என்பது உங்கள் பக்கத்தில் மழை குறைந்த காலம். அப்போது வெட்டிய மேடு சுவர்போல் நேராக நிற்கும்; அதைப் பார்த்து யாருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் அந்த நிலைப்பின் பெரும்பகுதி, துளைகளில் பாதியளவு மட்டும் நீர் இருக்கும்போது துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஈரப்பதத்தின் பிடியால் வருவது. ஈரமணலில் பிள்ளைகள் கட்டும் வீடு நிற்பதும் இதே பிடியால்தான். மேயில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை துளைகளை நிரப்பியதும் அப்பிடி போய்விடும். நான் பார்த்த வெட்டுச் சரிவுகளில் பல, வெட்டிய ஆண்டில் அல்லாமல், முதல் பெருமழையிலோ இரண்டாவது மழைக்காலத்திலோதான் இறங்கின. இதை நீங்களே சோதிக்கலாம். கோடு போட்ட படையிலிருந்து முஷ்டியளவு கட்டியொன்றைச் சிதைக்காமல் எடுத்து, நன்கு காயவைத்து, ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். அரை மணிக்குள் அது கரைந்து குவியலாகிவிட்டால், அதன் மேல் நேராக நிற்கும் வெட்டு எதற்கும் தடுப்புச் சுவர் கட்டாயம் வேண்டும் என்று கொள்ளுங்கள். கரையாமல் நின்றால் மகிழ்ச்சிதான், ஆனால் அதை மட்டும் வைத்துச் சுவரைக் கைவிட வேண்டாம். ஏனெனில் கட்டி உறுதியாக இருந்தாலும், பழைய பாறை வெடிப்புகள் களி பூசிய வழுக்குத் தளங்களாக உள்ளே இருக்கக்கூடும்.

ஆகவே கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். அவை மலைக்குள் சாய்ந்திருந்தால் ஓரளவு நல்லது. வீடு வரவிருக்கும் பக்கமாக, சரிவோடு சரிவாகச் சாய்ந்திருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பலகைகளைச் சாய்த்து வைத்து அடியை வெட்டியது போன்ற நிலை அது; அடியை எடுத்தபின் மேலுள்ளவற்றைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. அத்தகைய காணியில் வெட்டைக் குறைத்து, வீட்டின் தளத்தைச் சரிவுக்கேற்ப இரண்டு மட்டங்களாக அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அதைவிடக் கவலை தரும் நிலை ஒன்றுண்டு. வெட்டில் எங்காவது கோடுகள் அறவே இல்லாமல், கூர்முனைக் கற்களும் உருண்டைகளும் செம்மண்ணும் திசையின்றிக் கலந்து கிடந்தால், அது அவ்விடத்தில் மக்கிய பாறை அன்று; எப்போதோ மேலிருந்து இறங்கி வந்த பழைய சரிவின் குவியல். ஒருமுறை நகர்ந்த மண்ணுக்கு மறுமுறை நகர்வது எளிது. அப்படித் தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகுங்கள். எப்படியும் நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்டுவதற்கு அந்நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீடு தேவை. பெக்கோ வருவதற்கு முன்பே அதைப் பெறுவதுதான் முறை. முன்பு பெறவில்லையென்றால் இப்போதாவது, சுவர் எழும்புவதற்கு முன் பெற்றுவிடுங்கள்.

அத்திவாரத்தைப் பொறுத்தவரை, மக்கிய பாறை ஒருமாடி வீட்டைத் தாங்கும், ஒரே சீராகத் தாங்கும் வரையில். ஆபத்து, அத்திவாரத்தின் ஒரு மூலை புதைந்த உருண்டைக் கல்லின் மேலும் மற்ற மூலைகள் மென்மையான படையின் மேலும் அமையும்போது வருகிறது. கல் இறங்காது, படை கொஞ்சம் இறங்கும், சுவர் நடுவில் வெடிக்கும். அலவாங்கு ‘டங்’ என்று பட்டவுடன் அடிப்பாறை வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சுற்றிலும் தோண்டி, கல் கீழே உள்வாங்கி வளைகிறதா என்று பார்க்க வேண்டும். மலைநாட்டில் உண்மையான அடிப்பாறை பத்து மீட்டருக்கும் கீழே இருப்பது அபூர்வமன்று. தோண்டிய குழியை மழையில் திறந்து விடவும் கூடாது. நனைந்து குழைந்த மேற்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டே கொங்கிரீட் இட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடத் தண்ணீரின் வழி முக்கியமானது. களி மிகுந்த செம்மண்ணைவிட மக்கிய பாறை நீரை எளிதில் உள்ளே விடும். ஆனால் அடியில் புதிய பாறையை எட்டியதும் அந்நீர் போக வழியின்றித் தேங்கிப் பக்கவாட்டில் நகரும். நமது பீலிகளில் பலவும் இப்படித் தேங்கிய நீர் வெளிவரும் வாய்களே. வெட்டுக்கு மேலே, சற்றுத் தள்ளி, மழைநீரைக் குறுக்கே பிடித்து அப்பால் கொண்டுபோகும் கானொன்று வெட்டுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு அதன் சாய்வைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இந்தக் கானின் அடியை மட்டும் சீமெந்தால் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நீரை மேட்டுக்குள் இறக்கும். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகளும் அவற்றின் பின்னால் சல்லிக் கற்களும் இருக்கட்டும். கழிவறைக் குழியும் கூரைத் தண்ணீரும் வெட்டின் மேற்பக்கத்தில் சேரக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு தொடர்மழையின் பின்னர்தான் என்பதை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மேட்டின் தலையில் பிறை வடிவ வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கலங்கி வரும் ஊற்று, வழக்கமான பீலி திடீரென்று வற்றுவது, இவற்றில் எது தென்பட்டாலும் அன்றிரவு அவ்வீட்டில் தூங்க வேண்டாம். ஒரு நாளில் 75 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை விழிப்புக்குரியது. 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பதே எச்சரிக்கைக்கு இங்கு கொள்ளப்படும் அளவு.

பாத்திக்கு அந்தக் கோடு போட்ட தூளைப் பரப்ப வேண்டாம். அதிலிருந்த ஊட்டங்கள் ஓடையோடு மகாவலிக்கும் களனிக்கும் போய்ப் பல காலமாகிவிட்டது. மிஞ்சிய கயோலின் உரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் குறைந்தது, இரும்புத் துருவோ நீங்கள் இடும் பொசுபரசைப் பயிருக்கு விடாமல் தன்னோடு இறுக்கிக்கொள்ளும். உங்கள் காணியின் உண்மையான செல்வம் பெக்கோ முதலில் வழித்துத் தள்ளிய அந்த ஓரடிக் கறுப்பு மண். அது இன்னும் எங்காவது குவிந்து கிடந்தால், வேறெதுவும் கலக்காமல் பிரித்தெடுத்து, மழை அடித்துப் போகாதபடி மூடி வையுங்கள். அதன் அருமையைக் காட்டும் கணக்கு ஒன்று 2003இல் வெளியானது: ஆற்று மணலின் குவார்ட்சில் சேரும் பெரிலியம்-10 என்ற அரிய அணுவகையை அளந்து, மேல் மகாவலிப் படுகையில் மனிதர் கைபடாத நிலையில் ஆண்டுக்குச் சதுர கிலோமீட்டரொன்றிலிருந்து 13 முதல் 30 டன் வரையே அரிக்கப்பட்டது என்றும், பயிர் செய்யும் நிலங்களிலிருந்து 130 முதல் 2100 டன் வரை போகிறது என்றும் அந்த ஆய்வு கண்டது. இயற்கை அளவைத் தடிப்பாக மாற்றினால் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான் தேறும். பாறையிலிருந்து புதிய மண் பிறப்பதும் ஏறத்தாழ அதே நிதானத்தில்தான்.

உருண்டைக் கற்களைப் பயன்படுத்தலாம், ஆனால் மேட்டுச் சரிவில் பாதி வெளியே தெரிபவற்றை உருவி எடுக்காதீர்கள். அவற்றில் சில தமக்கு மேலுள்ளதைத் தாங்கிக்கொண்டிருக்கும். குழியில் அகப்பட்டவற்றின் பழுப்பு ஓட்டை முதலில் சுத்தியலால் தட்டிக் கழித்துவிடுங்கள். கணீரென்று ஒலித்து, உடைத்த முகத்தில் பளபளப்பான கருநீலம் தெரிந்தால் அது அத்திவாரத்துக்கு ஏற்ற நல்ல கருங்கல். மொத்தென்று ஒலிப்பது உள்ளேயும் மக்கத் தொடங்கியது, அதைச் சுவருக்குள் வைக்காமல் பாதையோரம் பரப்பிவிடுங்கள்.