கூழாங்கல்லைச் சுற்றி ஒரு குளம்

கேள்வி: நடக்கப் போகும்போதெல்லாம் பொறுக்கிய கிளிஞ்சல், விதை, குச்சி, கூழாங்கல் என்று ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். அறுந்துபோன மணிமாலைகளும் பழைய பட்டன்களும் அதிலேயே கிடக்கின்றன. இவற்றை வைத்துச் சுவரில் மாட்ட ஒரு குயில்ட் (துணிகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) செய்ய ஆசை. ஒரு தடவை முயன்றேன். மணிகளைத் தைத்துவிட்டு மெஷினில் போட்டேன். ஊசி உடைந்தது, துணி சுருங்கியது. மாட்டியபின் நடுவில் தொங்கியும் போனது. எனக்கு வரையவும் வராது. மறுபடி முயலலாமா?

பதில்: தாராளமாக முயலுங்கள். கோளாறு உங்கள் கையில் இல்லை, வேலையின் வரிசையில்தான். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைத்து முடித்த பிறகே மணிக்கு வர வேண்டும். மெஷினின் பாதம் மணிமேல் ஏறினால் ஊசி உடையத்தான் செய்யும். வெறும் துணியில் மணி தைத்தால் நூலின் இழுப்புக்குத் துணி சுருங்கும். மூன்றடுக்கும் சேர்ந்து தடித்த துணி அந்த இழுப்புக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது.

இன்னொன்று. பெட்டியில் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் வைக்கப் பார்த்தீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தடவை எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, கீழே வைக்க மனம் வராத ஒன்றை மட்டும் எடுங்கள். அது வாழ ஓர் இடம் தைத்துக் கொடுங்கள். துணியின் நிறம், நூல், மணி எல்லாவற்றையும் அந்தப் பொருளே சொல்லும்.

குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும் சாம்பல் நிறக் கூழாங்கல் ஒன்று கையில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டைக் கல்லோடு நிறுத்த வேண்டாம். கல் முடிகிற இடத்திலிருந்து அதே வெள்ளையில் நூல் எடுத்துத் துணியிலும் அதை ஓட விடுங்கள். அப்புறம் கல்லைச் சுற்றி வட்டம் வட்டமாக ஓட்டுத் தையல்: கல்லருகே நெருக்கமாக, தள்ளிப் போகப் போக இடைவெளி கூட்டி. தையல் விழுந்த இடம் பள்ளமாகும், நடுவில் பஞ்சு மேடாக எழும்பும். கல் விழுந்த குளம் வந்துவிட்டது. இதில் நீங்கள் எதையும் வரையவே இல்லை.

வரைவதைப் பற்றிய கவலைக்கு ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். அவர் செய்ததில் நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டே குயில்ட்கள். ஒன்று இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 15 கட்டங்களில் ஒன்றில், தான் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு, 1833இல் பெய்த எரிநட்சத்திர மழையைத் தைத்து வைத்திருக்கிறார். மனிதர், விலங்கு, நட்சத்திரம் எல்லாம் துணியில் வெட்டி வைத்துத் தைத்த எளிய உருவங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உயிர் இருக்கிறது. உங்களுக்கும் கத்தரி போதும்.

விளையாட்டுக்கு வருவோம். ஒவ்வொரு பொருளையும் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். அறுந்த ஜிப்பின் ஒரு பக்கத்தை வளைத்து வைத்தால், அத்தனை பற்களும் கால்களாகி ஒரு பூரான் நெளியும். இரண்டு பிரஸ் பட்டன் பச்சைத் துணியில் உட்கார்ந்தால் தவளை முழிக்கும். பழைய சாவியின் இரண்டு பக்கமும் நெட் துணி வெட்டி வைத்தால் தும்பி. வைத்துப் பார்த்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாளும் பிடித்திருந்தால் தையுங்கள்.

மணிக்கு மெல்லிய ஊசியும், நைலான் அல்லது பாலியஸ்டர் நூலும் வேண்டும். நான்கு மணி கோத்துத் துணியில் படுக்கவைத்து ஊசியை இறக்குங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் மேலே வந்து, மூன்றாவது நான்காவது மணிகளுக்குள் மறுபடி நுழைந்து, அடுத்த நான்கைக் கோத்துக்கொள்ளுங்கள். வரிசை வளைந்தாலும் ஆடாது. இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு முடிச்சு பின்பக்கம் விழட்டும். நூல் எங்காவது அறுந்தாலும் மொத்தமும் கொட்டாது. நீளக் குழாய் மணிகளின் விளிம்பு கூர்மையானது, நூலை அறுத்துவிடும். இரண்டு முனையிலும் ஒரு சின்னப் பாசிமணி சேர்த்துக் கோத்தால் பிழைக்கும். சாயம் போகும் மணியா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டையில்லாத கல்லையும் கிளிஞ்சலையும் பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். மேலே நெட் துணியைப் போர்த்தி ஓரம் தைக்கலாம். நான் விரும்புவது கண்ணாடி வேலைப்பாட்டு முறை: கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டு, அந்த நூல்களைச் சுற்றிலும் இழுத்துக் கட்டித் தைப்பது. கல் ஒரு சின்னக் கூட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நன்கு காய்ந்த விதைகளையும் குச்சிகளையும் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், உள்ளே இருக்கும் பூச்சி சாகும். வெளியே எடுத்ததும் திறக்காமல், குளிர் போன பிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். இரும்புச் சாமானுக்கு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்காவிட்டால் துருக்கறை துணியில் இறங்கும். காய்ந்த இலை நொறுங்கும், அதைத் தைக்க முடியாது. பச்சை இலையைத் துணிக்கு அடியில் வைத்துக் கிரேயானைப் படுக்கவாட்டில் தேய்த்தால் நரம்பு நரம்பாகப் பதியும். மேலே ஒரு தாள் போட்டு இஸ்திரி போட்டுவிடுங்கள்.

நடுவில் தொங்கியதற்குக் காரணம், அநேகமாக இரண்டு மூலைகளில் மட்டும் மாட்டியதுதான். பின்பக்கம் மேல் ஓரத்தில், அகலம் முழுக்க ஒரு துணிக் குழாய் தைத்து அதற்குள் கம்பு நுழைத்து மாட்டுங்கள். கனமான பொருளின் தையல் மூன்று அடுக்கையும் தாண்டிப் பின்னால் போக வேண்டும். முதல் குயில்ட் ஓரடிக்கு ஓரடி போதும். தைக்கத் தைக்கத் துணி கொஞ்சம் உள்ளே இழுபடும் என்பதால், பஞ்சையும் அடித்துணியையும் ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். ஓரத்தில் அரை அங்குலத்துக்கு மணியே வேண்டாம், பட்டி தைக்க இடம் தேவைப்படும். தண்ணீரில் துவைக்க முடியாத பொருள் இது. நேர் வெயில் படாத சுவரில் மாட்டி, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

பெட்டியிலிருந்து எதை எடுத்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.