ஏழுக்கு ஏழு என்றாலும் 100% போடாதீர்கள்

ஒரு சரக்குக் கலம் ஏழு முறையும் விண்வெளி நிலையத்தை அடைந்துவிட்டது, எட்டாவது பயணத்துக்கு 100% வாய்ப்பு என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2015இல் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் சரியாக இந்த நிலையில்தான் இருந்தது. ஜூன் 28 அன்று கிளம்பிய அடுத்த பயணம் இரண்டரை நிமிடத்துக்குள் சிதறிப்போனது. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் ஹீலியம் தொட்டியைப் பிடித்திருந்த ஓர் உலோகத் தாங்கி முறிந்ததுதான் காரணம் என்றது நிறுவனம்.

அடுத்த முறை வெற்றி கிடைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் லாப்லாஸ் விதியைப் போட்டுப் பாருங்கள்: வெற்றிகளோடு 1, மொத்தப் பயணங்களோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். 8/9, அதாவது சுமார் 89%. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இதுதான் நேர்மையான தொடக்கம். அப்புறம் ராக்கெட்டின் வரலாற்றைத் தனியாகப் பாருங்கள். 2014 அக்டோபரில் சிக்னஸ் என்ற இன்னொரு சரக்குக் கலம் அழிந்ததும் அதைச் சுமந்த அண்டாரிஸ் ராக்கெட்டால்தான்.

இதையெல்லாம்விட முக்கியம், எதை வெற்றி என்கிறீர்கள் என்பது. 2012 அக்டோபரில் ராக்கெட்டின் ஒன்பது எஞ்சின்களில் ஒன்று நின்றும் டிராகன் போய்ச் சேர்ந்தது. கூடவே போன ஆர்ப்காம் செயற்கைக்கோள் வீணானது. 2022இல் ஒரு சிக்னஸ், சூரியத் தகடு ஒன்று விரியாமலேயே நிலையத்தை அடைந்தது. இவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? ஏவுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.