படமா, பாட்டா?

கேள்வி: வார்த்தைகளைப் படம் போல அடுக்கிவிட்டு, அதையும் கவிதை என்கிறார்களே? வெறும் வித்தைதானே, அதுவும் வெளிநாட்டுச் சரக்கு?

பதில்: பாதி வித்தைதான். மரத்தைப் பற்றிய வரிகளை மர வடிவில் அடுக்கியதெல்லாம் எனக்கு அலுத்துவிட்டது. வடிவத்தைக் கலைத்து நேராக எழுதினாலும் எதுவும் குறையவில்லை என்றால், அந்தப் படம் தண்டம்.

ஆனால் சுவிஸ் கவிஞர் ஓய்கன் கோம்ரிங்கர் 1950களில் செய்ததைப் பாருங்கள். மௌனத்தைக் குறிக்கும் ஒரே ஸ்பானியச் சொல், ஐந்து வரிகளில் 14 முறை. நடு வரியின் நடுவில் மட்டும் சொல் இல்லை, வெற்றுத் தாள். கவிதையே அந்தக் காலி இடம்தான். நேராக எழுதினால் செத்துப்போகும்.

வெளிநாட்டுச் சரக்கா? சரிதான் போங்கள்! நம் பழைய அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், இப்படிப்பட்ட வித்தைப் பாட்டுகளான சித்திரகவிக்கு இலக்கணமே சொல்கிறது. அதில் ஒரு வகையான இரட்டை நாகபந்தத்தில் பின்னிக்கிடக்கும் இரண்டு பாம்புகளின் உடலில் இரண்டு வெண்பாக்கள் ஓடும். உடல்கள் குறுக்கிடும் கட்டத்தில் ஒரே எழுத்து, இரண்டு பாட்டுக்கும் பொது. எதுகை, மோனை, தளை எல்லாம் தட்டாமல் இதை முடிக்க வேண்டும். பொருள் சில சமயம் திணறும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

அப்புறம், பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் மழைக் கவிதையைத் தேடிப் பாருங்கள். 1918இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. ஐந்து வரிகள், எழுத்தெழுத்தாகத் தாளில் சரிந்து இறங்கும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மழை என்று புரிந்துவிடும்.