வாசகர் கேள்வி பதில்: எந்த விதியில் விழுந்தோம் என்று தெரிய வேண்டாமா?

கேள்வி: அம்மா புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அரசு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார், கிடைக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, அலுவலகத்தில் "கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். மாடி வீட்டுக்காரர்களுக்கு வருகிறது. நான் சிங்கப்பூரில் சம்பாதிப்பதுதான் காரணமா? இங்கிருந்து என்ன செய்யலாம்? (வாசகி, யீஷூன்)

பதில்: உங்கள் சம்பளம்தான் காரணமா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் தானாக யாரையும் தள்ளாது, யாரோ எழுதிக் கொடுத்த விதிதான் தள்ளும்.

எந்தத் திட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாடு அரசு பெண்களுக்கு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத் தொகை என்றால், 2023இல் தொடங்கியபோதே விதிகளை வெளியிட்டார்கள்: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நஞ்சை என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள். கார் இருக்கக் கூடாது. இதில் மாடி வீடு என்று எங்குமே இல்லை, அதனால் பக்கத்து வீட்டார்மேல் கோபப்படும் முன் அதையும் பாருங்கள்.

மின்சார விதிதான் பலரும் கவனிக்காதது. அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக ஆறு பில்லையும் எடுத்துக் கூட்டினால் கணக்கு வந்துவிடும். ஒரே மீட்டரில் அண்ணன் வீடும் ஓடுகிறது, மோட்டாரும் ஓடுகிறது என்றால் அம்மா ஒற்றை விளக்கில் உட்கார்ந்திருந்தாலும் அந்த யூனிட் எல்லாம் அவர் பெயரில்தான் ஏறும். விதி வெளியே தெரிந்ததால்தானே இதை நாம் யீஷூனில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க முடிகிறது!

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் நான்காவது பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடவும் சொல்கிறது. அம்மா பெயரிலேயே ஒரு மனு எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் கொடுக்கவில்லை" என்று பொதுவாகக் கேட்காமல், "எந்த விதியின்படி, எந்த ஆவணத்தைப் பார்த்து நிராகரித்தீர்கள்" என்று கேளுங்கள். நகல் ஒன்று வாட்ஸ்அப்பில் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: விதிகளை எல்லாம் வெளியே சொன்னால் வசதியானவர்கள் அதற்கேற்ற மாதிரி மறைத்து எழுத மாட்டார்களா? ரகசியமாக வைப்பதுதானே நல்லது? (வாசகர், தோ பாயோ)

பதில்: மறைப்பார்கள்தான், சிலர். ஆனால் ரகசியம் அவர்களைத் தடுப்பதில்லை, அவர்களுக்கு அலுவலகத்தில் ஆள் இருக்கும். தெரியாமல் நிற்பது ஏழைதான், அவரிடம்தான் தரகர் "நான் முடித்துத் தருகிறேன்" என்று காசு வாங்குவார்.

ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் பாகிஸ்தானின் பேநசீர் வருமான ஆதரவுத் திட்டத்தில் வீட்டில் எத்தனை பேர், என்னென்ன பொருள் என்று கணக்கெடுத்து 100க்கு மதிப்பெண் போட்டார்கள், ஆரம்பத்தில் 16.17க்குக் கீழே இருந்தால்தான் பணம். பதினேழு வாங்கிய வீட்டுக்காரி எந்தக் கேள்வியில் அந்த ஒரு மார்க் கூடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? தப்பாக எழுதியிருந்தால் எதைத் திருத்தச் சொல்வாள்? பிரேசிலில் இதே போன்ற போல்சா ஃபமிலியா திட்டத்தில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று ஒரே வரம்பு, யார் வாங்குகிறார் என்பதை அரசாங்க இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். மறைத்து எழுதியவரை ஊரே பார்க்கிறது. இங்கே சிங்கப்பூரில் நமக்கு அரசு தரும் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு வருமா வராதா என்று வருமானத்தையும் வீட்டின் ஆண்டு மதிப்பையும் வைத்து முன்கூட்டியே தெரிந்துகொள்கிறோம், அதே மரியாதை அந்தப் பதினேழு மார்க் பெண்ணுக்கும் வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

பெயர்கள் ஊரறிய வெளியே வருவது சரியா என்று தயங்குபவர்கள் உண்டு, அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணைகளில், அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் தங்கள் பெயரில் கூலி எழுதியிருப்பதை அங்கே உட்கார்ந்துதான் முதன்முதலாகக் கேட்டார்கள். யீஷூன் வாசகியின் அம்மா இன்று 10 ரூபாயில் மனுப் போட முடிகிற சட்டத்துக்கான கோரிக்கை அந்தக் கூட்டங்களில்தான் வலுத்தது.