மண்புழுவுக்குத் தோல்தான் மூச்சு

மதுரைப் பக்கம் மண்புழு வளர்ப்பவர்களும் படிக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்டவை இவை.

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்: அண்ணே, நேத்துப் போட்ட சாணியை அப்படியே தொட்டியில கொட்டிப் புழுவை விட்டேன். காலையில பார்த்தா பாதிக்கு மேல சுவரேறி வெளியே விழுந்து காய்ஞ்சு கிடக்கு. சாணி ஆகாதா?

சாணி நல்ல தீனிதான் தம்பி. ஆனால் புதுச்சாணி மட்கும்போது உள்ளே சூடு கிளம்பும். கையை நுழைத்துப் பாருங்கள், தெரியும். அந்தச் சூட்டுக்குத் தப்பி ஓடியவை வெயிலில் மாட்டிக்கொண்டன. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த ஈரத்தில் கரைந்து, தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் போகும். தோல் காய்ந்தால் மூச்சு நின்றது. அதன் ரத்தமும் சிவப்புதான். நமக்கு ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. அதற்கு ரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இனிமேல் சாணியை நிழலில் ஆறப்போட்டு, தண்ணீர் தெளித்து, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது புழுவை விடுங்கள். சித்திரை வெயிலுக்கு மேலே ஈரச்சாக்கு கட்டாயம்.

திருமங்கலம், 11ஆம் வகுப்பு மாணவி: சார், எங்க பாடத்தில் 8 ஜோடி இதயம்னு இருக்கு. அண்ணனோட புத்தகத்தில் 5 ஜோடி. எது சரி?

இரண்டும் சரி, புழுதான் வேறு. உன் பாடத்தில் இருப்பது நம் வயல்களில் வாழும் லாம்பிட்டோ மாரிட்டி. புழுவின் உடம்பில் வளையம் வளையமாகத் தெரியும் பகுதிகள்தான் கண்டங்கள். லாம்பிட்டோவுக்குத் தலையிலிருந்து எண்ணினால் 6 முதல் 13 வரையுள்ள கண்டங்களில் கண்டத்துக்கு ஒரு ஜோடி. 5 ஜோடி என்பது ஐரோப்பாவின் லும்பிரிகஸ். இதயம் என்றதும் நம் நெஞ்சிலிருப்பதைப் போல நினைக்காதே. முதுகுப்பக்கக் குழாயையும் வயிற்றுப்பக்கக் குழாயையும் இணைத்து, சுருங்கி விரிந்து ரத்தத்தைத் தள்ளும் வளைகுழாய்கள் அவை. அடுத்த முறை பெரிய புழுவைப் பார்த்தால் முதுகை உற்றுப்பார், முதுகுக்குழாயில் ரத்தம் வாலிலிருந்து தலைப்பக்கம் அலையலையாக ஓடுவது தோலுக்கு வெளியிலேயே தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

வாடிப்பட்டி: மண்வெட்டியில் ரெண்டாப் போனா ரெண்டு புழுவாகுமாமே?

ஆகாது. முதிர்ந்த புழுவில் 14 முதல் 17 வரையுள்ள கண்டங்கள் தடித்துப் பட்டைபோல் இருக்கும். அதற்கு நன்றாகப் பின்னால் வெட்டுப்பட்டால் தலைத்துண்டு பிழைத்து வால் வளர்க்கலாம். வால்துண்டு நெளியும், பிழைக்காது. பார்த்து வெட்டுங்கள்.

செல்லூரிலிருந்து ஒரு தாய்: பிள்ளை வயித்துல இருக்கிற நாக்குப்பூச்சியும் இதுவும் ஒண்ணா?

இல்லவே இல்லைம்மா. மண்புழுவையும் சிலர் நாக்குப்பூச்சி என்பதால் பெயர்தான் ஒன்று. வயிற்றுப்புழு கண்டமில்லாத உருளைப்புழு. மண்புழு மனித உடம்பில் வாழாது. பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள்.

மேலூர்: பல்லே இல்லாம இலையை எப்படி அரைக்குது?

கோழிக்குப் போலவே அதற்கும் அரைவைப்பை உண்டு, லாம்பிட்டோவுக்கு 6ஆவது கண்டத்தில். விழுங்கிய மணல்தான் அங்கே அம்மிக்கல். தொட்டியில் வெறும் சாணியும் இலையும் மட்டும் இருந்தால், ஒரு கைப்பிடி தோட்டத்து மண்ணையும் தூவிவிடுங்கள்.