டீலரிடம் சொன்னால் போதுமா?

கேள்வி: பைக் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. முன் பிரேக் லிவர் சில நேரம் ஹேண்டில்பாரைத் தொடுகிற அளவுக்கு உள்ளே போய்விடுகிறது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை காட்டியும் "இந்த மாடலே இப்படித்தான்" என்கிறார்கள்.

பதில்: எந்த மாடலிலும் பிரேக் இப்படி இருக்கக் கூடாது. முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். மூன்று முறை அலைந்த உங்கள்மேல் தப்பே இல்லை. ஆனால் டீலரிடம் சொன்னது தயாரிப்பாளருக்குப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருந்தால் உங்கள் புகார் எங்கேயும் பதிவாகவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே எழுத வைத்து நகல் வாங்குங்கள். அப்புறம் தயாரிப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி, என்ன வேகம், மழையா வெயிலா, லிவரை விட்டுப் பிடித்தால் மறுபடி இறுகியதா என்பதெல்லாம் வேண்டும். அரசு அமைப்பையும் விடாதீர்கள். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ (NHTSA) நேரடியாகப் புகார் வாங்கும். பிரிட்டனில் முதலில் தயாரிப்பாளர்; பதில் சரியில்லை என்றால் வாகனத் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏ (DVSA).

கேள்வி: டேங்க் பெயின்ட் உரிகிறது. வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்புக்கு எழுதலாமா?

பதில்: வேண்டாம். அது வாரண்டி விஷயம்.

கேள்வி: ஓடும்போது பின் பிரேக் காலிப்பர் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) போல்ட் முறிந்தது. தெரிந்த மெக்கானிக் வேறு போட்டுக் கொடுத்தார், பழையதைத் தூக்கிப் போட்டாச்சு. இதற்கெல்லாம் புகார் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு ஆறவே ஆறாது. முறிந்த போல்ட் ஒரு சாட்சி. முறிந்த முகத்தில் ஒரு பக்கம் வழவழப்பாக, அலை அலையாகக் கோடுகள் இருந்தால், விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 110ஏ பிரிவின்படி, குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள் ஒரு கோளாறைப் புகார் செய்தால் அந்த ரக வண்டிகளைத் திரும்பப் பெற, அதாவது ரீகால் செய்ய, அரசு உத்தரவிடலாம். ஆளாளுக்குச் சத்தமில்லாமல் போல்ட்டை மாற்றிக்கொண்டால் அந்த எண்ணிக்கை எப்படி ஏறும்? அதே வண்டியில் இன்று ஒருவர் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் போகிறார். பழைய போல்ட் இல்லாவிட்டாலும் மெக்கானிக்கின் பில்லை வைத்து இன்றே எழுதுங்கள்.

கேள்வி: பழைய பைக் வாங்கப் போகிறேன். ரீகால் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். நான் பார்க்காமல் வாங்கினேன். டயர், கீறல் எல்லாம் பார்த்துப் பேரம் பேசினேன், சேசிஸ் நம்பரைப் பார்க்கவில்லை. பல மாதம் பெட்ரோல் வாடை. ஒரு நாள் சூடான என்ஜின்மேல் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தேன். அந்த பெட்ரோல் டியூபுக்கு நான் வாங்கும் முன்பே ரீகால் அறிவித்திருந்தார்கள். கடிதம் முதல் உரிமையாளருக்குப் போயிருந்தது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டிலைத் திருப்பினால் வண்டியின் கழுத்தில் அந்த சேசிஸ் நம்பர் தெரியும், எழுத்தும் எண்ணுமாக 17 இலக்கம். வட்டமாக இருப்பதைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள். ஆங்கில ஓ அதில் வராது. தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். வாங்கியதும் உங்கள் முகவரியைப் பதியுங்கள்.

கேள்வி: கூடுதல் லைட் மாட்டினேன், ஒயர் கருகியது. கம்பெனிமேல் புகார் செய்யலாமா?

பதில்: ஒயரை வெட்டி ஒட்டியது நீங்கள். கம்பெனி என்ன செய்யும்?

கேள்வி: ரீகால் வேலைக்கு டீலர் கூலி கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பாகம், கூலி இரண்டும் தயாரிப்பாளர் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பில் நகலோடு தயாரிப்பாளரிடமே திருப்பிக் கேளுங்கள்.