இடிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்: பெரியவர்கள் வாழும் வீடு, கேள்வி-பதில்

"அப்பா வழுக்கி விழுந்துட்டாரு, வீட்டை எப்படி மாத்தலாம்?" என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பதில்களுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு முழு நாள் பெரியவர் வீட்டுக்குள் எப்படி நடமாடுகிறார் என்று உட்கார்ந்து பாருங்கள். எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், எந்த நாற்காலியின் முதுகைப் பிடிக்கிறார், எந்த மூலையில் சுவரைத் தொடுகிறார் என்று கவனியுங்கள். சுவரில் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய இடம் ஒன்றாவது இருக்கும். கைப்பிடி அங்கேதான் வர வேண்டும். இன்ஜினியர் வரைபடத்தில் அந்த இடம் தெரியாது.

சேலம் குகைப் பகுதியில் பழைய திண்ணை வீடு எங்களுடையது. வாசலில் மூன்று படி. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து அப்பாவை வீல்சேரில் அழைத்து வரப் போகிறோம். மேஸ்திரி ஆறடிக்குச் சரிவு போட்டால் போதும் என்கிறார். போதுமா சார்?

போதாது. சாய்தளத்துக்குக் கணக்கு எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். உங்கள் மூன்று படியும் சேர்ந்து 20 அங்குலம் என்று வைத்தால் 20 அடி நீளம் வேண்டும். ஆறடியில் முடித்தால் மேலே தள்ளுவதற்கு இரண்டு ஆள் தேவைப்படும். கீழே இறக்கும்போதோ வண்டி தள்ளுபவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சரிவு மட்டும் போதாது, வாசல் கதவுக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளமும் வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கும் நேரத்தில் வண்டி பின்னால் உருளும். அகலம் நான்கடி, இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் நாலு அங்குலக் கட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி. இதெல்லாம் சேர்ந்ததுதான் சாய்தளம்.

குகைத் தெருவில் 20 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தெருவில் இறக்காதீர்கள். சாக்கடை மேல் போட்ட சரிவை என்றைக்காவது தூர்வார வரும்போது உடைத்துவிடுவார்கள், கேட்கவும் முடியாது. பக்கத்துச் சந்து, பின்வாசல், கொல்லைப்புறம் இவற்றைப் பாருங்கள். பழைய வீடுகளில் பின்வாசல் உயரம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நேராகப் போக இடமில்லை என்றால் 'ட' வடிவில் திருப்பலாம். திரும்பும் இடத்திலும் ஐந்தடிச் சமதளம் விட வேண்டும்.

இன்னொன்றையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: அப்பா எப்போது வாக்கரில் நடப்பார்? இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கருக்கு மாறுபவர்கள் நிறைய. வாக்கரில் நடப்பவருக்குச் செங்குத்தான சரிவைவிடத் தாழ்வான படி நல்லது. ஏறக்குறைய ஏழு அங்குலப் படி மூன்றை நாலு அங்குலப் படி ஐந்தாக மாற்றி, வாக்கரின் நான்கு காலும் நிற்கிற அளவுக்கு ஒவ்வொரு படியையும் இரண்டரை அடி ஆழமாக்குங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். அதற்குச் சரிவைவிடக் குறைந்த இடம் போதும். திண்ணையை மட்டும் இடித்துவிடாதீர்கள். வெளியே வந்ததும் உட்கார்ந்து நாலு பேரிடம் பேச அவருக்கு வேறு எது இருக்கிறது?

கையில் இருப்பது ஐம்பதாயிரம்தான். எங்கே ஆரம்பிக்கலாம்? (கொண்டலாம்பட்டி)

பாத்ரூமில். மிச்சமிருந்தால் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு வெளிச்சம். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் மற்றவை.

அழகாபுரத்தில் இருபது வருஷத்துக்கு முன் கட்டிய வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி. பாத்ரூமில் பளபளப்பான டைல்ஸ், இந்தியன் டாய்லெட். என்னென்ன மாற்ற வேண்டும்? அம்மா வேறு "ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிடாதே" என்கிறார்.

கதவிலிருந்து தொடங்குவோம், யாரும் யோசிக்காத இடம் அதுதான். பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கும். அம்மா உள்ளே விழுந்து கதவை அடைத்தபடி கிடந்தால் வெளியே இருக்கும் நீங்கள் எப்படித் திறப்பீர்கள்? கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், அல்லது சுவரை ஒட்டி நகரும் கதவு போடுங்கள். வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது, தாழ்ப்பாளுக்குப் பதில் அதைப் போடுங்கள்.

கதவின் அகலத்தையும் அளங்கள். நம் வீடுகளில் பாத்ரூம் கதவு இரண்டரை அடிதான் இருக்கும். வீல்சேர் வந்தால் மூன்றடி வேண்டும். ஆனால் "ஆறு அங்குலம் உடைச்சா ஆச்சு" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் இரண்டு பக்கமும் சுவரில் ஆறு அங்குலம் அளவுக்குத்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் ஆறு அங்குலம் எடுத்தால் அந்தப் பக்கம் அதற்குத் தாங்கலே இல்லாமல் போகும். அகலப்படுத்தினால் லிண்டலையும் மாற்ற வேண்டும். இப்போதைக்கு இரண்டு அங்குலத்துக்குள் கிடைத்தால் போதும் என்றால், திறக்கும்போது கதவு நிலையை விட்டு முழுதாக விலகி நிற்கும் கீல் போதுமானது.

டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றத்தான் வேண்டும். உயரத்தைக் கடையில் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அம்மாவைச் செருப்பில்லாமல் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு 17 முதல் 19 அங்குலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். குள்ளமான அம்மாவுக்கு 19 வைத்தால் பாதம் தரையில் படாமல் தொங்கும், முன்பக்கம் சரிய அதுவே காரணமாகும்.

அப்புறம் கைப்பிடி. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்து, கம்பியோடு கீழே வந்தவர்கள் பலர். கிராப் பார் என்று கேட்டே வாங்குங்கள். ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிமன், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி. இடைவெளி அதற்கு மேல் போனால் கை உள்ளே நுழைந்து முழங்கை சிக்கிக்கொள்ளும். சேலத்துக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உருக்காலையே நம் ஊரில் இருக்கிறது. ஆனாலும் கடைக்காரர் காந்தத்தை வைத்து "ஒட்டலை பாருங்க, நல்ல 304 ரகம்" என்றால் நம்பிவிடாதீர்கள். மட்டமான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உப்புத் தண்ணீர் போர் உள்ள வீட்டில் 202 சீக்கிரமே துருப்பிடித்துவிடும். கம்பியில் ரகம் அச்சிட்டிருக்கிறதா, பில்லில் எழுதித் தருகிறாரா என்று பாருங்கள்.

மாட்டும் இடம் செங்கல் சுவரானால் நீளமான ஆங்கர் போல்ட் தாங்கும். உள்ளே குழிவான ஹாலோ பிளாக், காற்றுக்குமிழ் நிறைந்த லேசான ஏஏசி பிளாக் சுவரில் சாதாரண பிளக் போட்டால் பிடிக்காது. துளையில் பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள், அல்லது சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முடுக்குங்கள். எங்கே மாட்டுவது என்பதை அம்மாவே காட்டட்டும். உட்கார்ந்து எழும்போது கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள் வரும். வேலை முடிந்ததும் மாட்டியவரையே அதில் முழு எடையோடு தொங்கச் சொல்லுங்கள். தயங்கினால் காசு கொடுக்காதீர்கள்.

தரை டைல்ஸை மாற்ற முடிந்தால் எளிதில் வழுக்காத ஆர்11 ரகம் கேளுங்கள். முடியாவிட்டால் இருக்கிற டைல்ஸ் மேல் வழுக்காத பூச்சு அடிக்கலாம், வருஷம் போகப் போகத் தேயும், திரும்ப அடிக்க வேண்டும். துணிமேட் மட்டும் வேண்டாம், அதுவே காலை வாரும்.

ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். வெள்ளை டைல்ஸ், வெள்ளை கமோடு, வெள்ளைக் கம்பி என்று வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும், மங்கிய கண்ணுக்கு எது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அம்மாவையே கடைக்கு அழைத்துப் போய் டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தரைக்கும் கமோடுக்கும் நிறம் வேறாக இருந்தால் போதும்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குழித்தறி, அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் கைத்தறி இருக்கிறது. அப்பாவால் இப்போது குழியிலிருந்து ஏற முடியவில்லை. மூடிவிடலாமா?

முதலில் அப்பாவைக் கேளுங்கள். அவர் இன்னும் நெய்ய ஆசைப்பட்டால், மூடுவதற்கு முன் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு செங்குத்துக் கம்பம் நட்டுக் கொடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து எழ அது உதவும். உட்காரும் பலகையை மட்டும் உயர்த்தினால் தறி கைக்கு எட்டாது, தறியையும் சேர்த்து உயர்த்த வேண்டும், அதற்குத் தறி வேலை தெரிந்த ஆசாரி வேண்டும். நெய்யாத நேரத்தில் குழிமேல் கனமான பலகை மூடியிருக்கட்டும். வீட்டில் விழ அதைவிடப் பெரிய பள்ளம் எது?

அப்பாவே போதும் என்றால் தாராளமாக மூடுங்கள். ஆனால் உடைத்த செங்கல், டைல்ஸ் துண்டு எல்லாவற்றையும் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி முடிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஒரே வருஷத்தில் அந்த இடம் இறங்கும், டைல்ஸ் பிளக்கும், கூடத்தின் நடுவே கால் தடுக்க ஒரு விளிம்பு உருவாகும். அரையடி அரையடியாக மணல் அல்லது கிராவல் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே நாலு அங்குலம் கான்கிரீட் போடுங்கள்.

ஏற்காட்டில் அம்மா அப்பா தனியாக இருக்கிறார்கள். சாலையிலிருந்து வீட்டுக்கு நாற்பது கல் படி, மழையில் பாசி. சேலத்துக்கு வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார்கள்.

ஐயாயிரம் அடி உயரத்தில் இருந்து பழகியவர்கள் சித்திரை வெயிலில் சேலத்துக்கு வர ஏன் சம்மதிப்பார்கள்? அங்கேயே இருக்கட்டும். ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு செய்தாலும் அந்த நாற்பது படி இருக்கும் வரை பாதிக் காரியம்தான் நடந்திருக்கும். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில்தான் இறங்க வேண்டும், அதற்குப் பிறகு பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவு. வேறு பக்கமாக வண்டி வாசல் வரை வரப் பாதை வெட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். பக்கத்து எஸ்டேட் பாதை வழியாக அனுமதி கிடைத்தாலும் சரிதான்.

படி இருந்தே தீரும் என்றால், பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் அது மறுபடி வரும், அதனால் படியோரம் வடிகால் வெட்டி, மேலே கவிந்த கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்ய வேண்டும். வழவழப்பான கல்லை அம்மி கொத்துவது போலக் கொத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் பெயிண்ட் கோடு. கைப்பிடிக் கம்பி முதல் படிக்கு ஓரடி முன்பே தொடங்கி, கடைசிப் படிக்கு ஓரடி அப்பால் முடிய வேண்டும். மலைக்குளிரில் ஈரமான இரும்பைப் பிடிக்கப் பிடிக்காமல் கையை எடுத்துவிடுவார்கள். மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள், அல்லது மரக் கைப்பிடி வையுங்கள். பத்துப் படிக்கு ஒரு இடத்தில் உட்காரக் கல் பெஞ்ச். இன்வெர்ட்டரில் படி விளக்குக்கும் ஒரு இணைப்பு கொடுத்துவிடுங்கள், காற்று மழைக்குக் கரண்ட் போகும்போதுதான் அது தேவைப்படும்.

ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீடு. படுக்கையறை மேலே. வீட்டு லிஃப்ட் வைக்கலாமா?

வைக்கலாம். தமிழ்நாட்டில் லிஃப்ட்டுக்குச் சட்டப்படி உரிமம் வேண்டும், மின் ஆய்வுத் துறை பார்த்துத் தரும். அதை வாங்கித் தரும் பொறுப்பை நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள், வருடாந்தரப் பராமரிப்புச் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கீழே இருக்கும் ஆபீஸ் ரூமைப் படுக்கையறையாக்கி, பக்கத்திலேயே நல்ல பாத்ரூம் கட்டுவது லிஃப்ட் செலவில் ஒரு பகுதியிலேயே முடியும். மாடியில் இருப்பது நீங்களாகட்டும்.

வாடகை வீடு. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார்.

கமோடு மேல் வைக்கும் உயர்த்தி, கமோடைச் சுற்றி நிற்கும் கைப்பிடிச் சட்டம், குளிக்க ரப்பர் கால் நாற்காலி, ஆள் நடந்தால் எரியும் பேட்டரி விளக்கு. எதற்கும் ஓட்டை வேண்டாம், காலி செய்யும்போது எடுத்துப்போகலாம். காற்றை உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி மட்டும் வேண்டவே வேண்டாம், எப்போது கழலும் என்று அதற்கே தெரியாது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் வாக்கர், வீல்சேர் போன்றவை இலவசமாகக் கிடைக்கும். விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567.

எங்கள் நிலவாசப்படி ஐந்து அங்குல உயரம். தாத்தா தடுக்குகிறார். வெட்டிவிடலாம் என்றால் ஆயா சம்மதிக்கவில்லை. (ஆத்தூர்)

ஆயா சொல்வதில் கட்டடக் கணக்கும் இருக்கிறது. பழைய நிலையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்தக் கீழ்க்கட்டைதான். அதை எடுத்தால் கால் இரண்டும் விலகி, கதவு தொங்கும். வெட்டாமல் இரண்டு பக்கமும் மரத்தில் சரிவுக் கட்டை செய்து வையுங்கள். ஐந்து அங்குலத்துக்கு ஐந்தடி நீளம் வரும், உள்ளே அவ்வளவு இடமில்லை என்றால் இரண்டரை அங்குலத்தில் ஒரு அகலமான நடுப்படி வைத்து, நிலையை ஒட்டிச் செங்குத்தாக ஒரு கைப்பிடி மாட்டுங்கள். ஆயா மனம் மாறி வெட்டுவதென்றாலும், முதலில் இரண்டு காலிலும் இரும்புப் பிடிப்பு வைத்துச் சுவரோடு கட்டிவிட்டுத்தான் ஆசாரி ரம்பத்தை எடுக்க வேண்டும். வெட்டிய முனைக்குக் கரையான் மருந்து அடிக்க மறக்காதீர்கள்.